மன்றம் தொடங்க மாணவர்களுக்கு அனுமதி எதற்கு? பதிவு போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜூலை பிறந்துவிட்டால் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் கல்லூரி மன்றங்களின் தொடக்க விழாச் செய்திகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். முதல்வர் தலைமை தாங்க, துறைத் தலைவர் வரவேற்க, சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கேற்ற, நன்றியுரை கூறிய மாணவியின் பெயரோடு செய்தி முடியும். அந்தப் படங்களைப் பார்க்கிற எவருக்கும் நம் கல்லூரிகளில் மாணவர் மன்றங்களுக்குப் பஞ்சமே இல்லை என்றுதான் தோன்றும். எண்ணிக்கையில் பஞ்சம் இல்லைதான். ஆனால் மாணவர்கள் தாமாகக் கூடி, தமக்கு வேண்டும் என்று கருதி, தாமே பெயர் வைத்துத் தொடங்கிய மன்றம் எது என்று கேட்டால், பெரும்பாலான கல்லூரிகளில் ஒன்றைக் காட்டுவதே அரிது. பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், பணிக்காலத்தில் சில மன்றங்களுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவன் என்ற முறையிலும், ஒரு பல்கலைக்கழகத்திலோ அதன் இணைவுபெற்ற கல்லூரியிலோ புதிதாக ஒரு மாணவர் மன்றம் தொடங்குவது ஏன் இத்தனை கடினமாக இருக்கிறது என்பதையும், அதை எளிதாக்கப் பெருஞ்செலவோ சட்டத் திருத்தமோ தேவையில்லை என்பதையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எனக்குத் தெரிய நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் இங்கே முக்கியமில்லை; தென்மாவட்டத்தில் இரு சுழற்சிகளாக இயங்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரி. இயற்பியல், கணிதம், வணிகவியல், தமிழ், கணினி அறிவியல் என்று ஐந்து துறைகளைச் சேர்ந்த இருபத்து மூன்று மாணவ மாணவியர் சேர்ந்து, வானியல் மன்றம் ஒன்று தொடங்க வேண்டும் என்று 2025 ஜூலையில் விண்ணப்பம் எழுதினார்கள். அவர்களில் பலர், 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது பிளஸ் டூ வகுப்பில் இருந்தவர்கள். அந்த ஆர்வம் இன்னும் ஆறாதவர்கள். 2025 செப்டம்பர் 7 இரவு நிகழவிருந்த முழுச் சந்திர கிரகணத்தை, அருகிலுள்ள பள்ளிப் பிள்ளைகளையும் ஊர் மக்களையும் கல்லூரி மைதானத்துக்கு அழைத்துக் காட்ட வேண்டும் என்பதே மன்றத்தின் முதல் பணியாக விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருந்தது. இரவு பதினொரு மணியளவில் நிலவு முழுமையாகப் புவியின் நிழலுக்குள் சென்று செம்பு நிறமாகும் அந்தக் காட்சியை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். பணம் எதுவும் அவர்கள் கேட்கவில்லை. என்னிடமிருந்த தொலைநோக்கியை இரவல் கேட்டு வந்தார்கள். இந்தக் கதை எனக்குத் தெரியவந்ததும் அவ்வாறே.

விண்ணப்பம் முதலில் 'முறையான வழியாக' வரவில்லை என்று திரும்பியது. துறைத் தலைவர் வழியாக வர வேண்டுமாம். ஐந்து துறை மாணவர்கள் சேர்ந்து கொடுக்கும் விண்ணப்பத்துக்கு எந்தத் துறைத் தலைவர் என்று கேட்டதற்கு, ஐவரும் கையொப்பமிட வேண்டும் என்று பதில் வந்தது. ஐவரில் ஒருவர் புத்தொளிப் பயிற்சிக்குச் சென்றிருந்தார். அவர் திரும்பிவந்து கையொப்பம் கிடைத்த பிறகு, வணிகவியலும் கணினி அறிவியலும் சுயநிதிப் பிரிவைச் சேர்ந்தவை என்பதால் அப்பிரிவின் இயக்குநரும் பரிந்துரைக்க வேண்டும் என்றானது. அதுவும் முடிந்து அலுவலகத்துக்குப் போனபோது, கண்காணிப்பாளர் ஓரத்தில் சிவப்பு மையால் 'செலவு எந்தத் தலைப்பில்?' என்று குறித்து அனுப்பினார். செலவே இல்லை என்று மாணவர்கள் தனியே ஒரு கடிதம் கொடுத்தார்கள். அடுத்து, இயற்பியல் துறை மன்றம் ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி வந்தது. கடைசியாக, கல்லூரிக் குழு கூடும்போது வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. குழு கூடுவதற்கு முன் கிரகணம் வந்து போய்விட்டது. உறுப்பினர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று அதைப் பார்த்தார்கள். மன்றத்துக்கு முதலில் யோசனை சொன்ன மாணவி உட்பட, விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்கள் எவரும் அங்கே இல்லை.

இன்றுவரை அந்த விண்ணப்பம் மறுக்கப்படவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அந்த முதல்வர் நல்லவர்; மாணவர்களிடம் முகம் சுளிக்காதவர். 'பார்க்கலாம், செய்துவிடலாம்' என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். நம் கல்வி நிறுவனங்களில் புதிய மன்றங்களைக் கொல்வது தடை அன்று, இந்தப் 'பார்க்கலாம்'தான். மறுப்பு என்று ஒன்று எழுத்தில் வந்தால் காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம், திருத்திக் கொடுக்கலாம். மேசையில் உறங்கும் தாளை எதிர்த்து எங்கே போய் முறையிடுவது? மூன்றாண்டு மட்டுமே கல்லூரியில் இருக்கப்போகிற மாணவருக்கு ஒரு பருவம் வீணாவது என்பது ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு போவதாகும். கோப்புக்கு அந்த அவசரம் தெரியாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி, ஒரு மாணவர் புகார் கொடுத்தால் குறைதீர்ப்புக் குழு பதினைந்து வேலை நாட்களுக்குள் தன் அறிக்கையை அளிக்க வேண்டும். புகாருக்குக் காலக்கெடு இருக்கிறது. நல்ல காரியம் ஒன்றைத் தொடங்குகிறோம் என்று கொடுக்கும் விண்ணப்பத்துக்கு இல்லை. கல்லூரி வாயிலுக்கு வெளியே நிலைமை வேறு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து, நோக்கத்தையும் துணை விதிகளையும் எழுதிக் கொடுத்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஊரில் இருக்கும் ரசிகர் மன்றமும் குடியிருப்போர் நலச் சங்கமும் அப்படித்தான் நடக்கின்றன. சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்பின் 19(1)(இ) பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் தருகிறது. கல்லூரி வளாகத்தின் இடத்தையும் பெயரையும் பயன்படுத்தும்போது அந்த நிறுவனம் சில நிபந்தனைகளை விதிப்பது நியாயமே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனைகள் என்னவென்று எங்கும் எழுதி வைக்காமல், ஒவ்வொரு மேசையும் தனக்குத் தோன்றியதைக் கேட்பதை நிபந்தனை என்று சொல்ல முடியாது.

மேலிருந்து தொடங்கப்படும் அமைப்புகளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் இன்று எத்தனையோ சிற்றூர்களில் அறியப்பட்ட பெயர். அதன் ஏழு நாள் சிறப்பு முகாமில்தான் ஒரு கிராமத்தின் உட்புறத்தை முதன்முதலாகப் பார்த்ததாகச் சொல்லும் மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பின்பற்றி ஆண்டுதோறும் சுற்றறிக்கை வழியாகப் பிறக்கும் மன்றங்களின் கதை வேறு. நுகர்வோர் மன்றம், சாலைப் பாதுகாப்பு மன்றம், எரிசக்தி மன்றம், வாக்காளர் விழிப்புணர்வு மன்றம் என்று பட்டியல் நீள்கிறது. வகுப்புக்கு இருவர் வீதம் பெயர் கேட்டு வாங்கி, ஒரு நாள் விழா நடத்தி, பதாகையின் முன் வரிசையாக நிற்கவைத்து, அட்சரேகையும் தீர்க்கரேகையும் அடியில் அச்சாகும்படி 'ஜியோடேக்' படம் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டால் அந்த ஆண்டுக்கான கடமை முடிந்தது. 'நாக்' என்று எல்லோரும் அழைக்கும் தேசிய தரமதிப்பீட்டுக் குழு தன் ஏழு அளவுகோல்களில் ஒன்றாக மாணவர் ஆதரவையும் முன்னேற்றத்தையும் வைத்திருப்பது நல்ல எண்ணத்தில்தான். மதிப்பீட்டுக்குப் படம் சான்றாகிவிட்டதால் படத்துக்காக மன்றம் என்றாகிவிட்டது. மன்றத்தில் தம் பெயர் இருப்பதே தெரியாத செயலாளர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

நிர்வாகங்களின் அச்சம் என்ன என்பதும் எனக்குத் தெரியும். முதல்வர்களோடு தனியாகப் பேசினால் மூன்றைச் சொல்வார்கள்: சாதி, கட்சி, விபத்து. மூன்றாவதில் உண்மை இருக்கிறது. மாணவர்களை மலைக்கோ கடலுக்கோ அழைத்துச் செல்லும் மன்றம் என்றால் பெற்றோர் ஒப்புதல், உடன் வரும் ஆசிரியர், காப்பீடு ஆகியவற்றைக் கேட்பது நிறுவனத்தின் கடமை. அது பயணத்துக்கான நிபந்தனையே தவிர மன்றத்துக்கான நிபந்தனை ஆகாது.

சாதி பற்றிய அச்சத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் கைகளில் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பது முதல் பலவற்றைப் பரிந்துரைத்த அந்த அறிக்கை, நம் பள்ளி, கல்லூரிகளுக்குள் சாதி எந்த அளவுக்கு ஊடுருவியிருக்கிறது என்பதை மறைக்காமல் பேசியது. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கயிறு கட்டிக்கொண்டு கூடுகிறவர்கள் எவரும் முதல்வரிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் கூடுவதில்லை. அவர்களுக்குத் துறைத் தலைவரின் பரிந்துரை தேவையில்லை. ஒரு வாட்ஸ்அப் குழுவும் பேருந்து நிறுத்தமும் போதும். விண்ணப்பம் எழுதி, உறுப்பினர் பட்டியலை வெளிப்படையாகக் கொடுத்து, ஐந்து துறைகளிலிருந்தும் இரு சுழற்சிகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் நாம் மாதக்கணக்கில் காக்க வைக்கிறோம். ஒரே தெருவிலிருந்து, ஒரே பேருந்தில் வந்து, ஒரே வகுப்பில் உட்கார்ந்து, அதே பேருந்தில் திரும்பும் பிள்ளைக்கு, வேறு ஊர்ப் பிள்ளையோடு பழக ஒரு காரணம் கிடைப்பது இத்தகைய மன்றத்தில்தான். சாதியைக் கண்டு அஞ்சுகிற நிர்வாகம் மற்ற யாரையும்விட அதிகமாக இதை வரவேற்றிருக்க வேண்டும்.

கட்சி பற்றிய அச்சத்துக்கு நம் மாநிலத்தில் ஒரு நகைமுரண் உண்டு. 1943இல் கும்பகோணம் அரசுக் கல்லூரி மாணவர்கள் சிலர் திராவிட மாணவர் கழகத்தைத் தொடங்கினார்கள். விடுதியில் தண்ணீர்ப் பானைகள் சாதி பார்த்துப் பிரித்து வைக்கப்பட்டிருந்ததே அதற்குப் பொறியாக அமைந்தது என்று அவ்வியக்கத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த நெடுஞ்செழியனும் அன்பழகனும் பிற்காலத்தில் மாநில அமைச்சர்களானது அனைவரும் அறிந்தது. கல்லூரி மேடைகளில் பேசிப் பழகியவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆளும் மாநிலத்தில், கல்லூரியில் மாணவர்கள் தாமாகக் கூடினால் அரசியல் வந்துவிடும் என்று அரசுக் கல்லூரி முதல்வர்களே அஞ்சுகிறார்கள்! மாணவர் பேரவைத் தேர்தல் பற்றிய விவாதத்தை இதில் நான் கலக்க விரும்பவில்லை. அதற்கு லிங்டோ குழுவின் பரிந்துரைகள் உள்ளன. அவற்றைச் செயல்படுத்த 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டிருக்கிறது. நான் பேசுவது வானம் பார்க்கவும், புத்தகம் படிக்கவும், பறவை எண்ணவும், நாடகம் போடவும் கூடுகிற சிறு மன்றங்களைப் பற்றி.

அத்தகைய சிறு மன்றம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. பம்பாயின் எல்பின்ஸ்டன் கல்வி நிறுவனத்தில் 1848இல் மாணவர் இலக்கிய அறிவியல் கழகம் தொடங்கப்பட்டது. கட்டுரை படித்து விவாதிப்பதற்காகக் கூடியவர்கள், பெண்கல்வி வேண்டும் என்று பேசுவதோடு நில்லாமல், மறு ஆண்டே பெண் குழந்தைகளுக்குப் பள்ளிகளைத் திறந்து, தாங்களே ஊதியமின்றிப் பாடம் நடத்தினார்கள். அவர்களில் ஒருவர் தாதாபாய் நௌரோஜி. பெண்களுக்குப் பள்ளி தொடங்குங்கள் என்று யாரும் அவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

அண்மைக் காலத்தில் இவ்விஷயம் நாடு முழுவதும் பேசப்பட்டது சென்னை ஐஐடியின் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தை ஒட்டித்தான். 2014 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட அந்த வட்டத்தின் அங்கீகாரம் 2015 மே மாதம் நீக்கப்பட்டது. தங்கள் தரப்பைக் கேட்காமலே முடிவெடுக்கப்பட்டது என்று மாணவர்கள் சொன்னார்கள், நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்துவது குறித்த விதி மீறப்பட்டது என்று நிர்வாகம் சொன்னது. பெரும் எதிர்ப்புக்குப் பின் ஜூன் 7 அன்று அங்கீகாரம் மீண்டும் அளிக்கப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்பதில் அன்று பத்தி பத்தியாக எழுதப்பட்டுவிட்டது. எனக்கு அதில் வேறொன்று பட்டது. அங்கே எழுதி வைத்த விதி ஒன்று இருந்தது. அங்கீகாரம் என்ற ஒன்று கையில் இருந்தது. அதனால்தான் அதை நீக்கவும், நீக்கியதைக் கேள்வி கேட்கவும், ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவும் முடிந்தது. நம் சாதாரணக் கலை அறிவியல் கல்லூரியில் சண்டை போடுவதற்குக்கூட ஒரு விதி கிடையாது.

வெளிநாட்டுப் பழக்கங்கள் எல்லாம் நமக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தாலும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் மாணவர் கழகங்கள், 'பிராக்டர்' எனப்படும் அலுவலரிடம் பதிவு செய்துகொள்ளும் முறையில் இயங்குகின்றன என்பதைக் குறிப்பிட வேண்டும். எழுதப்பட்ட விதிமுறை, ஒழுங்கான கணக்கு, பொறுப்பேற்கும் மூத்தவர் ஒருவர் ஆகியவை இருந்தால் பதிவு கிடைத்துவிடும். இந்திய மாணவர்கள் 1891இல் கேம்பிரிட்ஜிலும் 1896இல் ஆக்ஸ்போர்டிலும் 'மஜ்லிஸ்' என்ற பெயரில் தமக்கென விவாதக் கழகங்களை அமைத்துக்கொண்டார்கள்; ஏகாதிபத்தியத்தின் நடுவிலேயே அதை விமர்சித்துப் பேசிய அவைகள் அவை. இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் இம்முறையின் சாயல் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ ஒரு மாணவர் மன்றத்தின் நிர்வாகக் குழுவைப் பார்த்தால், தலைவர், செயலாளர், இளம் பொருளாளர் எல்லாம் மாணவர்களாகவும், பெரும் பொருளாளர் மட்டும் விரிவுரையாளராகவும் இருப்பார்கள். ஆசிரியர் மேடையின் நடு நாற்காலியில் இல்லாமல் கணக்குப் புத்தகத்தின் அருகில் இருக்கிறார். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது இந்த ஏற்பாடு என்பேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். மன்றம் தொடங்க அனுமதி கேட்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, பதிவு செய்யும் முறையைப் பல்கலைக்கழகங்கள் கொண்டுவர வேண்டும். குறைந்தது பதினைந்து மாணவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளிலிருந்து, தம் பெயரையும் கையொப்பத்தையும் இட்டு, இரண்டு பக்கத்துக்கு மிகாத விதிமுறையோடு மாணவர் நலப் புலத்தலைவரிடம் நேரடியாகக் கொடுக்கட்டும். சாதி, மதம், பால், துறை, சுழற்சி எதையும் காரணம் காட்டி எவரையும் உறுப்பினராகச் சேர்க்க மறுக்க மாட்டோம் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்ட ஆசிரியர் ஒருவரின் கையொப்பம் இருக்கட்டும். பதினைந்து வேலை நாட்களுக்குள் பதிவெண் தரப்பட வேண்டும்; தர இயலாது என்றால் காரணம் எழுத்தில் வர வேண்டும்; இரண்டும் நடக்கவில்லை என்றால் பதிவானதாகவே கொள்ள வேண்டும். ஆண்டு முடிவில் ஒரு பக்க அறிக்கையும் ஒரு பக்க வரவு செலவும் கொடுக்காத மன்றத்தின் பதிவு தானாகவே காலாவதியாகட்டும். கடைசியாகச் சொன்னது நிர்வாகங்களுக்கும் பயன்படும்; பெயர்ப்பலகையில் மட்டும் உயிரோடு இருக்கும் பல பழைய மன்றங்களுக்கு அதுவே கௌரவமான முடிவாக இருக்கும்.

வழிகாட்டி ஆசிரியரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காகிதத்தில் எளிதாகத் தெரியும் இந்த இடத்தில்தான் பல மன்றங்கள் தடுக்கி விழுகின்றன. இன்று ஒரு கல்லூரி ஆசிரியர் வகுப்பு, தேர்வு, விடைத்தாள், நாக் கோப்பு, இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம், ராகிங் தடுப்புக் குழு என்று ஏற்கெனவே பல பொறுப்புகளைச் சுமக்கிறார். பல துறைகளில் வேலையை இழுத்துச் செல்பவர்களே கௌரவ விரிவுரையாளர்கள்தான். அவர்களுக்கு மாணவர்களோடு நெருக்கமும் உண்டு, ஆர்வமும் உண்டு, ஆனால் மன்றத்தில் ஏதேனும் பிரச்சினை என்றால் அடுத்த ஆண்டு பணி நீட்டிப்பு கிடைக்குமோ என்ற பயமும் உண்டு. மாணவர் மன்றத்துக்கு வழிகாட்டுவதை வாரத்துக்கு ஒரு மணி நேரப் பணிச்சுமையாக எழுத்தில் ஏற்றுக்கொண்டால் நிலைமை மாறும். அதோடு, மன்றம் வெளியிடும் கருத்துக்கு வழிகாட்டி ஆசிரியர் பொறுப்பாளி அல்லர், கணக்குக்கும் பாதுகாப்புக்கும் மட்டுமே அவர் பொறுப்பு என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் பயந்து, பேச்சாளரின் பெயர் முதல் பதாகையின் நிறம் வரை தாமே முடிவு செய்கிறவராக அவர் ஆகிவிடுவார். அது அவர் குற்றமன்று.

அடுத்தது பணம். தொகை சிறியதுதான், ஆனால் நட்பு முறிவதற்கு இருநூறு ரூபாய் போதும். இப்போது நடப்பது என்னவென்றால், உறுப்பினர் சந்தா இருபது ரூபாயும் முப்பது ரூபாயும் பொருளாளராக இருக்கும் மாணவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வந்து சேர்கிறது. அவர் வீட்டிலிருந்து வரும் விடுதிக் கட்டணமும், நண்பன் திருப்பித் தந்த டீக்காசும், மன்றத்தின் சந்தாவும் ஒரே கணக்கில் கலந்து கிடக்கின்றன. ஆண்டு இறுதியில் கணக்குக் கேட்டால் நேர்மையான பிள்ளையே தடுமாறுகிறான், மற்றவர்கள் சந்தேகப்படுகிறார்கள். பல கல்லூரிகளின் சேர்க்கைக் கட்டண ரசீதில் மன்றக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறது. அது எங்கே செலவாகிறது என்று மாணவர் எவருக்கும் தெரிவதில்லை. அந்தத் தொகையில் ஒரு பகுதியைப் பதிவு பெற்ற மன்றங்களுக்குச் சமமாகப் பகிர்ந்து, ஆசிரியரும் மாணவப் பொருளாளரும் கூட்டாகக் கையொப்பமிட்டு எடுக்கும் ஒரு கணக்கில் வைத்தால் போதும். ஒலிபெருக்கி வாடகைக்கும் பேச்சாளரின் பேருந்துச் செலவுக்கும் அது எட்டும். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்; பணம் மிகுந்த மன்றத்தில் முதலில் வருவது பதாகைதான்.

கூடும் நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் சுழற்சி மாணவர்கள் மதியம் ஒன்றரைக்குள் கிளம்பிவிடுவார்கள். பலர் நேராகத் துணிக்கடைக்கோ, சமையல் பரிமாறும் வேலைக்கோ போகிறவர்கள். இரண்டாம் சுழற்சி மாணவர்கள் அப்போதுதான் வருவார்கள். இருவரும் ஒரே வளாகத்தில் ஒருவரை ஒருவர் பார்க்கும் நேரம் அரை மணிதான். மாலையில் கூடலாம் என்றால் கிராமத்துப் பேருந்தின் நேரம் தப்பிவிடும். மகளிர் விடுதியில் ஆறரைக்கு வருகைப் பதிவு. ஆண்கள் விடுதிக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. எனவே மாலையில் கூடும் எந்த மன்றமும், யாரும் திட்டமிடாமலே, விடுதி ஆண்களின் மன்றமாகிவிடுகிறது. தலைவர், செயலாளர் பெயர்களைப் பார்த்துவிட்டுப் பெண்கள் முன்வருவதில்லை என்று நாம் வருத்தப்பட்டுக்கொள்கிறோம்! சுழற்சி மாறும் வேளையில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஒரு மணி நேரத்தை மன்ற நேரமாகக் கால அட்டவணையில் ஒதுக்குவதும், பதிவு பெற்ற மன்றத்தின் கூட்டத்துக்குச் செல்லும் விடுதி மாணவியருக்கு ஆசிரியர் கையொப்பத்தின் பேரில் நேரத் தளர்வு தருவதும் எந்த நிர்வாகத்துக்கும் இயலாத காரியமல்ல.

தொடங்குவதைவிட நீடிப்பது கடினம் என்று மாணவர்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடங்கியவர்கள் படிப்பை முடித்துச் சென்றதும் மன்றமும் முடிந்துவிடுவதே வழக்கம். இதற்கு விலக்கான ஒன்றைச் சென்னைக் கடற்கரையில் பார்க்கலாம். 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றும் இயங்குகிறது. ஆண்டுதோறும் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, பங்குனி ஆமைகள் இட்டுச் சென்ற முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். முதலில் நடந்தவர்கள் இப்போது நடுவயதைக் கடந்திருப்பார்கள். ஆட்கள் மாறி மாறி வந்தும் அமைப்பு நிற்பதற்குக் காரணம், அதன் வேலைக்கு ஒரு நாள்காட்டி இருப்பதுதான் என்று நினைக்கிறேன். ஜனவரி வந்தால் ஆமை வரும், யாராவது நடந்தாக வேண்டும். 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என்பதை நோக்கமாக எழுதிக்கொள்ளும் மன்றங்கள் இரண்டாம் ஆண்டைத் தாண்டுவதில்லை. ஏனென்றால் எந்தத் தேதியில் என்ன செய்ய வேண்டும் என்று அந்த நோக்கம் சொல்வதில்லை. வானியல் மன்றம் என்றால் மாதந்தோறும் வளர்பிறையில் ஒரு வெள்ளிக்கிழமை, வாசகர் வட்டம் என்றால் பதினைந்து நாளுக்கு ஒரு நூல் என்று பணியோடு நாளையும் விதிமுறையிலேயே எழுதிவிடுவது நல்லது.

செயலாளர் பொறுப்பை மூன்றாமாண்டு மாணவருக்குக் கொடுக்காமல் இரண்டாமாண்டு மாணவருக்குக் கொடுப்பதும், அவருக்குத் துணையாக முதலாமாண்டிலிருந்து ஒருவரை வைப்பதும், கூட்ட நடவடிக்கைகளை ஒரு நீளப் பதிவேட்டில் கையால் எழுதி வைப்பதும் சிறிய வேலைகளாகத் தோன்றும். யார் வந்தார்கள், என்ன முடிவானது, யார் செய்வதாக ஏற்றுக்கொண்டார்கள் என்ற மூன்றையும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எழுதி, அடுத்த கூட்டத்தில் முதலில் அதைப் படித்தால் போதும். வாட்ஸ்அப் குழுவில் இருப்பதெல்லாம் கைப்பேசி மாற்றினால் போய்விடும். பதிவேடு அலமாரியில் இருக்கும். தொடக்க விழாவை முதலிலேயே வைக்காதீர்கள் என்றும் சொல்வேன். நான்கைந்து கூட்டம் நடந்து, வருகிறவர்கள் யார், வராதவர்கள் யார் என்று தெரிந்த பிறகு விழா வைக்கலாம். வைக்காமலும் விடலாம்.

ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன் இது குறித்த ஒரு பக்கச் சுற்றறிக்கையைக் கல்லூரிக் கல்வி இயக்ககமும் பல்கலைக்கழகங்களும் வெளியிட்டால், புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அறிமுக வகுப்பிலேயே விண்ணப்பப் படிவத்தையும் கொடுத்துவிடலாம். கல்லூரிகள் இதற்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. தன்னாட்சிக் கல்லூரிகளின் முதல்வர்கள் தங்கள் அளவிலேயே நாளைக்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். மன்ற விதிமுறைக்கான மாதிரி வரைவு ஒன்றை இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் கல்லூரிகளுக்கும் மாணவர்களுக்கும் தங்கள் அலுவலகம் வழியாக அனுப்பி வைக்கத் தயாராக இருக்கிறேன். மேலே குறிப்பிட்ட கல்லூரியை அடையாளம் காட்டிவிடக்கூடும் என்பதால், கடிதத்தை வெளியிடும்போது என் பெயரையும் ஊரையும் தவிர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
இயற்பியல் இணைப் பேராசிரியர் (ஓய்வு)